அந்தக் காலம் யார் காலம்?

"அந்தக் காலம் போல வருமா" என்கிற பேச்சைக் கேட்காத ஆள் நம்மில் இல்லை. கல்யாணப் பந்தலில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், மாரியம்மன் நோம்பியில், பொங்கலுக்கு ஊர் வந்தவர்களின் திண்ணையில் என்று எங்கே போனாலும் இது இருக்கிறது. இப்போது அது பேச்சோடு நிற்பதில்லை, வியாபாரமாகவும் ஆகிவிட்டது. நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் உடைந்த வண்டிச் சக்கரமும் ஆட்டுக்கல்லும் அழகுக்கு நிற்கின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, கம்பும் சோளமும் கண்ணாடித் தாளில் கட்டப்பட்டு அரிசியை விட அதிக விலைக்கு விற்கின்றன. கவலை ஓடியது, கம்மஞ்சோறு ஆக்கியது, களத்துமேட்டில் கதை கேட்டது, நிலாவில் விளையாடியது என்று நினைவுக் கட்டுரைகள் வந்துகொண்டேயிருக்கின்றன.

இந்த எழுத்துகளில் எல்லாமே இருக்கின்றன. கிணறு, மாடு, கயிறு, கம்பங்காடு, ஆட்டுப்பட்டி, பனைமரம் எல்லாம் உண்டு. மாட்டின் பேர் கூட நினைவிருக்கிறது. அந்த மாட்டை ஓட்டியவனின் பேர் மட்டும் நினைவில் இல்லை. 'ஆளு' என்று ஒரு சொல்லில் அவன் கடந்து போகிறான். சில சமயம் 'எங்க ஆளு' என்று பாசத்தோடு வருவான். அந்த 'எங்க' என்கிற சொல்லுக்குள் எவ்வளவு வரலாறு மறைந்து கிடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச நினைக்கிறேன்.

நான் திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் இடைப்பட்ட ஒரு காட்டூரில் பிறந்த ஆள். அருந்ததியர் வளவு. எங்கள் வயசாளிகள் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவார்கள். தமிழ் முதுகலை படிக்கப் போனபோது வட்டார இலக்கியம் என்றொரு பாடம் இருந்தது. 1942ல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலில் இருந்து கொங்கு மண்ணின் எழுத்து தொடங்குகிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நாவலின் நடுவில் இருப்பது நிலப்பங்குச் சண்டை. நிலமே இல்லாதவர்களுக்குப் பங்குச் சண்டை ஏது? அப்படியானால் எங்கள் வளவின் கதை எங்கிருந்து தொடங்குகிறது என்கிற கேள்வி அன்றைக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

1

முதலில் தண்ணீரில் இருந்து தொடங்குவோம். சேலம், நாமக்கல் சமவெளி ஆற்றுப் பாசனத்துக்குப் பேர் போன மண் அல்ல. காவிரிக் கரையோரம் பரமத்தி, மோகனூர் பக்கம் வாய்க்கால் பாய்கிறது. ஜேடர்பாளையம் அணைக்கட்டில் இருந்து போகும் ராஜவாய்க்கால் அதில் பழையது. திருமணிமுத்தாறு போகிற வழியில் சில ஏரிகள் நிரம்பும். மீதியெல்லாம் மேட்டுக்காடு. வானம் பார்த்த பூமி, இல்லையென்றால் கிணறு. அந்தக் கிணறுகளோ பாறையை உடைத்துத் தோண்டியவை. மோட்டார் வருகிற வரைக்கும் அந்த ஆழத்தில் இருந்து தண்ணீரை மேலே கொண்டுவந்தது கவலை.

கவலை என்பது என்ன? கிணற்று மேட்டில் மரம் நட்டு உருளை மாட்டியிருப்பார்கள். பெரிய பறி ஒன்று வடக்கயிற்றில் தொங்கும். பறியின் அடியில் தோலால் தைத்த நீண்ட தும்பி இருக்கும். அதற்குத் தனியாக ஒரு வால்கயிறு. இரண்டு மாடு சரிவில் இறங்கினால் பறி மேலே வரும். தும்பி வழியாகத் தண்ணீர் தானாகத் தொட்டியில் கொட்டும். மாடு பின்னோக்கி மேடேறினால் பறி மறுபடி கிணற்றுக்குள் போகும். ஓட்டுகிறவன் வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து தன் உடம்புக் கனத்தையும் மாட்டோடு சேர்த்துக் கொடுப்பான். இறங்கி, ஏறி, இறங்கி, ஏறி ஒரு பாத்தி நனைய எத்தனை நடை என்பது அவன் காலுக்குத்தான் தெரியும்.

1800ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொங்கு நாட்டின் வழியே பயணம் போன பிரான்சிஸ் புக்கானன் இந்தக் கருவியைக் கபிலை என்கிற பேரில் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய பயண நூல் 1807ல் லண்டனில் அச்சானது. ஆக, நூற்றைம்பது வருசத்துக்கும் மேலாக இந்த மேட்டுக்காடு பச்சையாக இருந்ததற்குத் தோல் ஒரு காரணம் என்பது ஏட்டிலேயே இருக்கிறது. அந்தத் தோல் எங்கிருந்து வந்தது?

செத்த மாட்டில் இருந்து வந்தது. ஊரில் மாடு செத்தால் வளவுக்கு ஆள் வரும். இழுத்துக்கொண்டு போகவேண்டியது எங்கள் கடமை. உரித்து, சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, எண்ணெய் விட்டுப் பதமாக்கி, வாராக அறுத்து, தும்பி தைத்துக் கொடுத்தால் காட்டுக்குத் தண்ணீர் பாயும். தோல்பறி போய்த் தகரப்பறி வந்த பிறகும் தும்பி தோலாகத்தான் இருந்தது. இதோடு சாட்டை, மாட்டுக்குக் கழுத்துப்பட்டை, வீட்டுக்காரர்களுக்குச் செருப்பு. இது அத்தனையும் ஒரு வேலை என்றோ ஒரு தொழில்நுட்பம் என்றோ யாரும் சொன்னதில்லை. பாறைக் கிணற்றை வெட்டியது, மாட்டை வாங்கியது பற்றியெல்லாம் பெருமை உண்டு. தோலைப் பதப்படுத்தத் தெரிந்த கைக்கு 'தீட்டு' என்கிற ஒரு சொல்தான் கிடைத்தது. அந்தக் கை தைத்த தும்பி வழியாக வருகிற தண்ணீரில் தீட்டு இல்லை. அதே கை குடிதண்ணீர்க் குடத்தைத் தொட்டால் தீட்டு. இந்தக் கணக்கு எப்படிச் சரியாகிறது என்று நாம் கேட்டதாக எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

2

நிலம் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். 1792ல் திப்புவோடு செய்த உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட் என்கிற அதிகாரியும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் காடுகாடாக அளந்து தீர்வை போட்டார்கள். பிற்பாடு சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறை வேர் பிடித்தது இந்த மண்ணில்தான். சாகுபடி செய்கிறவனோடு அரசு நேராகப் பேசுகிற முறை என்று வரலாற்றில் படிக்கிறோம். உழுதவனோடு பேசவில்லை, உழவனை வைத்திருந்தவனோடுதான் பேசியது. ஏட்டில் பேர் ஏறியவர் குடியானவர் ஆனார். ஏர் பிடித்தவர் பேர் ஏட்டில் ஏறவில்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை என்றது. அடிமை என்கிற சொல் கச்சேரியில் செல்லாமல் போனது. பண்ணையம் என்கிற சொல் காட்டில் செல்லுபடியானது.

பண்ணையத்துக்கு இருப்பது என்றால் என்ன என்று எங்கள் அவ்வா ஒருநாள் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேதி தெரியாது. காலத்தைத் தேர்தல் சின்னத்தை வைத்துச் சொல்வாள்.

"ரெட்டக்காளைக்கு ஓட்டுப் போட்ட காலம் கண்ணு அது. உங்க தாத்தனுக்கு வருசத்துக்கு இத்தன வள்ளம் கம்புன்னு பேச்சு. எங்க கல்யாணத்துக்கு வாங்குன பணம் எவ்வளவுன்னு அவருக்கே தெரியாது. மொதக்கோழி கூப்புடறப்ப கவல ஓட்டப் போனாருன்னா பொழுது உழுந்து மாட்டுக்குத் தட்டு போட்டுட்டுத்தான் வருவாரு. நான் கட்டுத்தர கூட்டோணும், சாணி அள்ளோணும், எருவு செமக்கோணும். அதுக்குத் தனியாக் கூலி கெடையாது. ஆளு பண்ணையத்துல இருந்தா பொண்டாட்டியும் சேத்துதான். காத்தால பழைய சோத்துத் தண்ணி ஊத்துவாங்க. ஏனத்துல படாம ஒசரத்துல இருந்து ஊத்துவாங்க. பாதி மண்ணுல போவும். வருசங் கழிச்சுக் கணக்குப் பாக்கறப்போ காச்சல்ல கெடந்த நாளு, எழவுக்குப் போன நாளு, ஓநாய் தூக்குன குட்டி எல்லாத்தையும் கழிப்பாங்க. கழிச்சு முடிச்சா நாமதான் பாக்கி. பாக்கி இருந்தா அடுத்த வருசமும் அங்கயேதான். எங்க போறது?"

இந்தப் பேச்சில் இருக்கிற பொருளாதாரத்தைக் கவனியுங்கள். கூலி தானியமாகத் தரப்படுகிறது. கடன் பணமாக ஏறுகிறது. கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது. ஆணின் உழைப்புக்குப் பேச்சு உண்டு, பெண்ணின் உழைப்புக்குப் பேச்சே இல்லை. பிள்ளைகளும் தப்பவில்லை. ஏழெட்டு வயசில் ஆடு மேய்க்க விட்டுவிடுவார்கள். எங்கம்மா 1970களில் அப்படி ஆட்டோடு போனவள். பண்ணையத்தில் இருக்கிற பையன் ராத்திரியும் பட்டியில்தான் படுக்கவேண்டும். அம்மாவைப் பார்க்க வளவுக்கு வருவதே நோம்பி நாளில்தான்.

2000ல் வந்த பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காட்டில் இப்படி ஆடு மேய்த்த அருந்ததியச் சிறுவர்களைப் பற்றியது. அந்த வாழ்க்கை நாவலாக வந்ததே பெரிய காரியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுவர்கள் இன்று தாத்தாக்களாக எங்கள் வளவுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாயால் சொல்ல, அவர்கள் பிள்ளைகள் எழுத வேண்டியது இன்னும் மலையளவு கிடக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். கம்மஞ்சோறும் ராகிக்களியும் உடம்புக்கு நல்லது என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் கம்பை விதைத்து, களை எடுத்து, கதிர் அறுத்து, களத்தில் தட்டித் தூற்றியவர்களின் போசியில் எவ்வளவு இருந்தது? களத்தில் பொலி அளந்து மூட்டை போன பிறகு மண்ணோடு சேர்ந்து கிடக்கிற கூட்டலை அள்ளிவந்து, புடைத்து, கல் பொறுக்கித்தான் எங்கள் பெண்கள் உலை வைத்தார்கள். ஆடி மாசத்தில் அதுவும் இருக்காது. கீரை, பண்ணைப்பூ, புளியங்கொட்டை என்று எதுவெல்லாம் வேகுமோ அதுவெல்லாம் சாப்பாடு. நெல்லுச்சோறு தீபாவளிக்கு. எனவே 'பாரம்பரிய உணவு' என்று பொட்டலத்தில் அச்சடிக்கிறபோது, பாரம்பரியத்தில் இன்னொன்றும் இருந்தது, அதன் பேர் பசி என்பதையும் சேர்த்து அச்சடிக்க வேண்டும்.

3

பசியைப் போலவே தீண்டாமையும் அன்றாடமாக இருந்தது. குடிதண்ணிக் கிணற்றில் நாம் இறைக்கக்கூடாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு யாராவது மனசு வந்து ஊற்றுகிற வரைக்கும் தள்ளி நிற்க வேண்டும். டீக்கடை வந்தபோது கொட்டாங்குச்சியும் கூடவே வந்தது. அப்புறம் அது தனி டம்ளராக மாறியது. செருப்புத் தைத்துக் கொடுத்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தார்கள். ஊரில் எழவு விழுந்தால் பறை அடிக்கவும், மாடு செத்தால் இழுக்கவும் கூப்பிடுவார்கள். வரமாட்டேன் என்று சொல்கிற உரிமை யாருக்கும் இல்லை. இது எதுவும் சண்டையாக நடக்கவில்லை. சூரியன் உதிப்பது போல இயல்பாக நடந்தது. அந்த அமைதியைத்தான் இன்றைக்கு 'ஒற்றுமையாக இருந்தோம்' என்று நினைவு கூர்கிறார்கள்.

கிராமத்தைப் பொற்காலமாகப் பார்க்கிற பார்வை நம்மூர் நினைவுக் கட்டுரைகளோடு தொடங்கியதல்ல. இந்தியக் கிராமங்கள் தமக்குத் தாமே நிறைவான குட்டிக் குடியரசுகள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெட்காஃப் என்கிற ஆங்கில அதிகாரி எழுதினார். தேசியவாதிகள் அதை ஆசையோடு பிடித்துக்கொண்டார்கள். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சட்ட வரைவை முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தின் மீதான இந்தக் காதலைப் போட்டு உடைத்தார். அறியாமையும் குறுகிய மனமும் சாதி வெறியும் குடியிருக்கிற இடம் கிராமம் என்பது அவருடைய முடிவு. அரசியல் சட்டத்தின் அலகு கிராமம் அல்ல, தனிமனிதர் என்பதில் அவர் உறுதியாக நின்றார். இந்த ஒரு முடிவு இல்லையென்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது. நீங்கள் படித்திருக்கவும் முடியாது. 1927ல் மகத்தில் செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று அவர் சொன்னதை, பல வருசம் கழித்து எங்கள் பக்கத்து வளவுகளில் இளவட்டங்கள் கூடிப் பேசி நிறைவேற்றினார்கள். செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று சொன்ன ஊர்களில் வேலை நிறுத்தப்பட்டது, கடையில் சாமான் தர மறுத்தார்கள், தடத்தில் நடக்கக்கூடாது என்றார்கள். இந்தச் சண்டைகள் எந்த நினைவுக் கட்டுரையிலும் இடம்பெறவில்லை.

எங்கள் பக்கத்துக்குச் சீர்திருத்தமே வரவில்லை என்று சொல்லமாட்டேன். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் நூற்பதும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் அதன் வேலைகள். 1937ல் அவர் பிரதமராக இருந்தபோது மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கு வந்தது. 1944ல் சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பேர் மாறியது. இத்தனைக்கும் இடமாக இருந்த மண்ணில் கொட்டாங்குச்சி போக இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. கள்ளை நிறுத்த முடிந்த சட்டத்துக்குப் பண்ணையத்தை நிறுத்த நேரம் வரவில்லை. கொத்தடிமை ஒழிப்பு 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976ல் முழுச் சட்டம் ஆனது. அதாவது நாடு விடுதலை பெற்று இருபத்தெட்டு வருசம் கழித்து.

4

சட்டம் வந்ததால் பண்ணையம் ஒழிந்ததா? எங்கள் காட்டூர்களில் அதை அசைத்தவை பல.

முதலாவது, ஓடிப்போனது. 1876-78 தாது வருசப் பஞ்சம் சேலம் மாவட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கியது. அந்தப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் கங்காணிகளின் பின்னால் கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்களில் சேலம், திருச்சிச் சனங்கள் ஏராளம். அவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். லயத்துக் காம்பராவிலும் கடன்தான், அட்டைக் கடிதான். ஆனாலும் போனார்கள் என்றால் இங்கே இருந்தது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று புரிந்துகொள்ளலாம். 1948ல் இலங்கை அரசு அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் திரும்பவும் இங்கேயே அனுப்பப்பட்டார்கள். அந்தக் காலத்தின் மேன்மையைப் பேசுகிறவர்கள், ஒரு சனம் தலைமுறை தலைமுறையாக ஊரை விட்டு ஓடியது ஏன் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மோட்டார். பைக்காராவில் 1932லும் மேட்டூரில் 1937லும் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஐம்பதுகளுக்கும் எழுபதுகளுக்கும் இடையில் கம்பி காட்டுக்குள் வந்தது. அதற்கு முன்பே சில கிணறுகளில் ஆயில் என்ஜின் இரைந்துகொண்டிருந்தது. பத்து ஆள், பத்து மாடு செய்த வேலையை ஒரு சுவிட்ச் செய்தது. கவலை மரம் விறகானது. தோலுக்கும் தும்பிக்கும் தேவை இல்லாமல் போனது. வருசம் முழுக்க ஒரு ஆளைக் கட்டிவைத்திருப்பது இப்போது நட்டம். "இனி நாள்கூலிக்கு வந்தாப் போதும்" என்றார்கள். யாருடைய மனமும் மாறி எங்களை விடவில்லை. எங்கள் கை தேவைப்படாததால் கயிறு அவிழ்ந்தது. இதை நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு இதையும் பெருந்தன்மை என்று எழுதிவிடுவார்கள்.

மோட்டாரின் லாபம் எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். கிணறு இருந்தவருக்கு மோட்டார். மோட்டார் இருந்தவருக்கு 1990ல் இருந்து கட்டணமில்லா மின்சாரம். கம்பும் சோளமும் போய்க் கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் வந்தன. இரண்டாம் உலகப் போரில் மலேயாவில் இருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, நாற்பதுகளில் சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழிலுக்கு மரவள்ளிக் கிழங்கு மூட்டை மூட்டையாகப் போனது. கிணறு வற்ற வற்ற ஆழ்துளைக் கிணறு வந்தது. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியா முழுக்கத் துளை போடப் போயின. நாமக்கல்லில் லாரி, கோழிப்பண்ணை, முட்டை என்று பணம் பெருகியது. 1997ல் நாமக்கல் தனி மாவட்டமும் ஆனது. இந்த வளர்ச்சியில் வளவுக்குக் கிடைத்தது என்ன? லாரியில் கிளீனர், ரிக் வண்டியில் கம்பி தூக்குகிற கூலி, கோழிப்பண்ணையில் எச்சம் அள்ளுகிற வேலை, நகராட்சியில் துப்புரவு. தோலில் இருந்து தப்பித்தவர்களைச் சாக்கடை பிடித்துக்கொண்டது.

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு தறி ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறபோது அவ்வாவின் கணக்குதான் ஞாபகம் வருகிறது. பணம் ஒருமுறை கை மாறுகிறது. அதை அடைக்க முடிவதில்லை. வேறு தறிக்குப் போக வேண்டுமென்றால் அந்த முதலாளி இந்த முதலாளிக்குக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்கிறார். கவலைச் சத்தம் போய்த் தறிச் சத்தம் வந்திருக்கிறது. பாக்கி அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, பள்ளிக்கூடம். 1982ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது, 'பையன் ஆட்டோட போனாத்தானே கஞ்சி' என்கிற நிலைமை உடைந்தது. எங்கம்மா ஆடு மேய்த்தாள், அவளுடைய கடைசித் தம்பி பள்ளிக்கூடம் போனான். ஒரே வீட்டில் பத்து வருச வித்தியாசத்தில் நடந்தது இது. பண்ணையக்காரர் வீட்டில் இருந்து ஆள் வந்து, "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறான்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். கஞ்சிக்காகப் பண்ணையத்தில் விடவேண்டிய அவசியம் இல்லாமல் போனதுதான் எங்கள் பக்கத்தில் நடந்த பெரிய புரட்சி என்று நான் நினைக்கிறேன்.

5

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு சங்கடமான விசயத்தையும் பேசியாக வேண்டும். எங்கள் வயசாளிகளும் 'அந்தக் காலம்' என்று பேசுகிறார்கள். கண் கலங்கவும் பேசுகிறார்கள். நம் தோழர்களில் சிலர் இதைக் கேட்டால் எரிச்சல்படுகிறார்கள். "அடிமைப்பட்டதற்கே ஏக்கமா?" என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் எதை நினைத்து ஏங்குகிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தாத்தா பண்ணையத்தை நினைத்து ஏங்கியதில்லை. தான் தைத்த தும்பி ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்பதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் மாறும். தோலைக் கையில் தடவிப் பார்த்தே அது எத்தனை வயசு மாடு, எந்த நோயில் செத்தது என்று சொல்வாராம். அது ஒரு கலை. அந்தக் கலை அவரோடு போய்விட்டது. அவ்வா கட்டுத்தரையை நினைத்து ஏங்கவில்லை. களை வெட்டப் போகிறபோது பத்துப் பெண்கள் சேர்ந்து பாடிய பாட்டையும், பாட்டுக்கு நடுவில் பண்ணையக்காரரை அவருக்கே தெரியாமல் நக்கல் அடித்ததையும் நினைத்துச் சிரிக்கிறாள். வீட்டுத் தெலுங்கில் பேசிக்கொண்டால் வரப்பில் நிற்கிறவருக்குப் புரியாது. அது எங்கள் பெண்களின் ஆயுதமாக இருந்தது. மதுரைவீரன் கோயில் முன்னால் விடிய விடிய நடந்த கூத்தும், நோம்பியில் ஒரு வீட்டில் அடித்த கறியை வளவு முழுக்கக் கூறு போட்டதும், ஏரி நிரம்பின வருசம் கூடை கூடையாக மீன் பிடித்ததும் அவர்களுடைய சொத்து. அடக்குமுறைக்குள் அவர்கள் தாங்களாக உண்டாக்கிக்கொண்டவை இவை. யாரும் கொடுத்ததில்லை.

ஆக, நினைவையும் பங்கு பிரிக்க வேண்டியிருக்கிறது. நிலத்தில் பங்கு கிடைக்கவில்லை, நினைவிலாவது நம் பங்கைப் பிரித்து எடுக்க வேண்டும். மழையும் ஏரியும் பாட்டும் கைத்திறனும் நம்முடையவை. அவற்றுக்காக ஏங்குவது தப்பில்லை. பண்ணையமும் கொட்டாங்குச்சியும் ஒசரத்தில் இருந்து ஊற்றிய தண்ணியும் அவர்களுடைய நிர்வாகம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'நம்ம கிராமம்' என்று விற்கிறபோதுதான் நாம் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இது வெறும் இலக்கியச் சண்டை அல்ல. 'அந்தக் காலத்தில் எல்லாம் கட்டுப்பாடாக இருந்தது' என்கிற பேச்சு இன்று சாதிச் சங்கங்களின் மேடைப் பேச்சாக இருக்கிறது. கட்டுப்பாடு என்று அவர்கள் சொல்வது யாருடைய கால் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில் தன்னோடு படித்த வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்தில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022ல் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, 2023ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிமன்றம் தண்டித்தது கொலையை. அந்தக் கொலைக்குத் தைரியம் கொடுத்த ஏக்கம், 'பழைய மாதிரி இருக்கணும்' என்கிற ஏக்கம், யாராலும் தண்டிக்கப்படாமல் உலாவிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், நம் உரிமைக்கு நம் நினைவுதான் சாட்சி. அருந்ததியருக்கு மூன்று சதவீத உள்ஒதுக்கீடு 2009ல் சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்வது செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னது. பின்தங்கியவர்களுக்குள்ளும் பின்தள்ளப்பட்டவர்கள் உண்டு என்பதுதான் அதன் சாரம். அந்தப் பின்தள்ளல் எப்படி நடந்தது, எந்த வேலையால், எந்தக் கடனால், எந்தப் பட்டியில் படுக்கவைத்ததால் நடந்தது என்பதை அரசாங்க ஏடு சொல்லாது. ஏட்டில் கைநாட்டுத்தான் இருக்கிறது. கையின் கதை வளவில் இருக்கிறது.

அதனால் மாணவத் தோழர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கவலை ஓட்டினவர்களில், தும்பி தைத்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு எழவிலும் ஒரு ஆவணம் புதைகிறது. உங்கள் வளவுக்குப் போங்கள். பாட்டைக் கேளுங்கள், கூடவே கூலியையும் கேளுங்கள். எத்தனை வள்ளம், எந்தத் தானியம், எவ்வளவு கடன், எந்த வருசம் விட்டது, விட்டபோது யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். யார் கிணற்றில் தண்ணி எடுத்தார்கள், எந்த மாடு செத்தபோது தூக்க மறுத்தார்கள் என்று கேளுங்கள். வருசம் தெரியாது என்றால் எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று கேளுங்கள், கண்டுபிடித்துவிடலாம். பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், ஆண்கள் நடுவில் பேசவிடமாட்டார்கள். தோல் பதப்படுத்துகிற முறையையும் எழுதிவையுங்கள், வெட்கப்பட வேண்டியது நாம் அல்ல. சொன்னவரின் பேரை, அவர் சம்மதித்தால், முழுப் பேராக எழுதுங்கள். 'ஆளு' என்று எழுதாதீர்கள்.